ஜோ மின்னின் தொடைக்கு நான் எழுதிய சீட்டு

விளையாட்டு அணிகளில் காயம் பார்க்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

கட்டுப் போடுவது எப்படி, ஐஸ் எவ்வளவு நேரம் வைப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் படித்ததில் பாதி தப்பு என்று இப்போது சொல்கிறார்கள். இருக்கட்டும். முப்பத்தொரு வருஷம் ரங்கூன் மைதானங்களில் கோட்டுக்கு வெளியே பையோடு உட்கார்ந்திருந்தவன் என்ற உரிமையில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

விளையாடுகிறவன் ஒரு நாள் உங்களிடம் வந்து, "எனக்கு அடிபட்டிருக்கு என்று சொல்லுங்கள்" என்பான். அடிபட்டிருக்காது. இன்னொரு நாள், "ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்" என்பான். அன்று அடிபட்டிருக்கும். பெரும்பாலோருக்கு இந்த இரண்டும் வேறு வேறு ஆட்களிடமிருந்து, வேறு வேறு வருஷங்களில் வரும். எனக்கு ஒரே பையனிடமிருந்து மூன்றே நாளில் வந்தது.

பையன் பெயர் ஜோ மின். அது காலேஜ் பதிவேட்டில். வீட்டில் குமார். நம் பிள்ளைகளுக்கு இங்கே இரண்டு பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தமிழ் நன்றாகப் புரியும், பேச ஆரம்பித்தால் பாதியில் பர்மியத்துக்குத் தாவிவிடுவான். எங்கள் காலேஜ் அணியில் இடது ஓரத்தில் ஆடுவான். பந்தை வாங்கி அவன் ஓட ஆரம்பித்தால் எதிரணியில் ஆடுகிறவன்கூட ஒரு நொடி நின்று பார்ப்பான். அவன் அப்பா போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை ஏற்றி இறக்கியவர். முதுகு போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அந்த முதுகையும் நான்தான் பார்த்தேன், தேறவில்லை.

அந்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பையில் நாங்கள் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை. அதே சமயத்தில் ஜோ மின்னை ஒரு மலேசியக் கிளப் பார்க்க விரும்பியது. சரவணன் என்று ஒரு ஏஜென்ட், மலேசியத் தமிழர், நேரில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. செவ்வாய் விமானம், வியாழன் அங்கே மைதானத்தில் ஓடிக் காட்ட வேண்டும். நன்றாக ஓடினால் ஒப்பந்தம், அந்த வீட்டுக்கு விடிவு. கால் சரியில்லை என்றால் அவ்வளவுதான், வரிசையில் வேறு பையன்கள் நிற்கிறார்கள்.

எதிரணி எப்படிப்பட்டது என்றால், அரையிறுதியில் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போக வைத்த அணி. பந்தைவிட முழங்காலைத்தான் அதிகம் உதைப்பார்கள். ஜோ மின் இறுதி ஆட்டத்தில் இறங்குவதில்லை என்று முடிவு செய்ததை நான் தப்பு சொல்ல மாட்டேன். கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டான், காலேஜ் செய்ததை மறந்துவிட்டான் என்று பின்னால் விஷயம் வெளியே தெரிந்ததும் நிறையப் பேர் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவருக்கும் அவன் வீட்டில் உலை வைக்கும் பொறுப்பு இல்லை. அப்பாவுக்கு முதுகு, இவனுக்குக் கால். அது போய்விட்டால் கோப்பை வந்து கஞ்சி ஊற்றாது.

ஆகவே சிக்கல் அவன் முடிவில் இல்லை. அதைக் கோச்சிடம் யார் சொல்வது என்பதில்தான் இருந்தது.

இங்கே பெரிய ஆட்டத்துக்கு முன்னால் கடோ உண்டு. பையன்கள் எல்லோரும் வரிசையாக மண்டியிட்டு, கோச்சையும், ஆசான் ஸ்தானத்தில் இருக்கும் என் மாதிரி மற்ற ஸயாக்களையும் மூன்று முறை வணங்கி ஆசி வாங்க வேண்டும். அப்படி வணங்கி எழுந்த பிறகு "நான் ஆட மாட்டேன்" என்று எவனும் வாய் திறக்க முடியாது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கடோ. இரண்டரைக்கு ஜோ மின் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"ஸயா, நான் ஞாயித்துக்கிழமை இறங்கல."

"கோச்சிடம் சொல்லிவிட்டாயா?"

"எப்பிடி ஸயா சொல்றது? மூணு வருஷமா என்னைப் பிள்ளை மாதிரி வச்சிருந்தார். அனாடே ஸயா. வாய் வரல."

அனாடே என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் மனம் நோகுமே என்று நம் வாயை நாமே அடைத்துக்கொள்வது. பர்மியரிடமிருந்து அதை வாங்கி அவர்களைவிட நாம்தான் அதிகமாகப் புழங்குகிறோம்.

"நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. தொடை புடிச்சிருக்குன்னு. அப்போ நான் ஆட மாட்டேன்னு சொல்ற மாதிரி இருக்காது. ஆட முடியலங்கற மாதிரி இருக்கும்."

வெளியே பையன்கள் பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. அவன் நெற்றியெல்லாம் வியர்வை. இந்த வேலையில் என்னை இழுத்துவிட்டவர், பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரியில் எனக்கு மேலே இருந்தவர், காலைத் தொட்டுப் பார்க்காமல் பேனாவை எடுத்தால் கையிலேயே அடிப்பார். அவர் அப்போது உயிரோடு இல்லை. நான் தொடவில்லை. தொட்டுப் பார்த்தால் பொய் என்று கைக்கே தெரிந்துவிடும், பிறகு எழுத முடியாது. "இடது பின்தொடையில் பிடிப்பு. ஒரு வாரம் ஓய்வு" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அப்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோச் மனம் நோகவில்லை, பையன் மானம் போகவில்லை, கால் பத்திரம். எல்லோருக்கும் நல்லவனாகிவிட்டேன். இப்படி ஒரு நினைப்பு வந்தால் உடனே பேனாவை மூடுங்கள்.

கோச் ஊ டின், த்வாண்டே ஊர்க்காரர். நாலு வார்த்தை பேசினால் அன்று அவருக்கு உற்சாகம் என்று அர்த்தம். சீட்டைப் படித்தார். முகம் சுருங்கியது. ஆனால் கோபப்படவில்லை, அதுதான் வினை. ஜோ மின் தோளில் கை வைத்து எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார். "நம் ஜோ மின்னுக்குத் தொடையில் அடி. சீக்கிரம் குணமாக எல்லோரும் மித்தா அனுப்புங்கள்" என்றார். இருபது பையன்கள் கண்ணை மூடி அந்தத் தொடைக்கு அன்பையும் வாழ்த்தையும் அனுப்பினார்கள். அந்தத் தொடைக்கு ஒன்றுமில்லை என்பது தெரிந்த இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

இணையத்தில் அணியின் ரசிகர் பக்கத்தை நடத்தும் மாணவன் ஒருவன், உலகமே மித்தா அனுப்பட்டும் என்ற நல்ல எண்ணத்தில் என் சீட்டையே போனில் படம் பிடித்து அந்தப் பக்கத்தில் போட்டுவிட்டான். கையெழுத்து, தேதி எல்லாம் பளிச்சென்று.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜோ மின் என் வீட்டு வாசலில் நின்றான். உதடு காய்ந்து போயிருந்தது. ஏஜென்ட் முந்தின நாள் இரவே வந்து இறங்கி, காலையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். அவர் பார்ப்பதற்கு முன்பே கிளப்பில் ஒருவர் பார்த்து அவருக்கு அனுப்பியிருந்தார். தொடை பிடித்த பையனை வியாழக்கிழமை ஓடவிட முடியாது, வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறார்.

"பொய்யின்னு சொன்னேன் ஸயா. நம்பல. எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்கன்னார்."

கியாக்டடாவில் சூலே பகோடாவுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அவர் தங்கியிருந்தார். பஸ்ஸில் போனோம். சூலே சுற்றில் பஸ் நகரவே இல்லை. இறங்கி நடந்துவிடலாம் என்று எழுந்தால் உடனே நகரும், உட்கார்ந்தால் நின்றுவிடும். ஜோ மின் வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தான். ஏஜென்ட் அதற்குள் வேறு பையனுக்குப் போன் செய்திருப்பாரோ என்பதுதான் என் மனம் முழுக்க ஓடியது.

சரவணனுக்கு நாற்பது வயதிருக்கும். எங்களை உட்காரச் சொன்னார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"சீட்டு நான் எழுதியது. பையனுக்கு ஒன்றுமில்லை. இறுதி ஆட்டத்தில் இறங்க வேண்டாம் என்று நினைத்தான். கோச்சிடம் சொல்லக் கூச்சப்பட்டான்."

அவர் கையிலிருந்த போனை மேஜையில் வைத்தார்.

"என்னண்ணே இது? ஆட வேணாம்னு அவன்கிட்ட நானே சொல்லியிருப்பேன் லா. எங்க ஊர்ல ஆட மாட்டேன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருப்பானுங்க. கோச் கோவிப்பாரு, அவ்வளவுதானே? கோவத்தை எவனும் படம் புடிச்சுப் போட மாட்டான். சீட்டைப் போடுவான்."

போனை எடுத்து அந்தப் படத்தை எங்களிடம் காட்டினார்.

"இப்ப கிளப்புக்கு என்னன்னு சொல்றது? டாக்டர் சும்மா எழுதிட்டார்னா?"

"நான் டாக்டர் இல்லை."

"அது வேறயா" என்றார். பிறகு ஒரு வழி சொன்னார். "நாளைக்கு ஆட்டம் இருக்குல்ல? இறங்கட்டும். நான் வந்து போன்ல எடுக்கறேன். தொண்ணூறு நிமிஷம் ஓடினான்னா சீட்டுக்கு அதுவே பதில். வேற வழி எனக்குத் தெரியல."

எந்த ஆட்டத்திலிருந்து தப்பிக்க அந்தச் சீட்டோ, அதே ஆட்டத்துக்குள் என் சீட்டே அவனைப் பிடித்துத் தள்ளியது. ஹோட்டல் படியில் இறங்கும்போது அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "பரவால்ல ஸயா" என்றான். மறுபடி அதே அனாடே.

கோச்சிடம் போய் அவன் ஆடலாம் என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "மித்தா வேலை செய்துவிட்டது" என்றார். இல்லை, முதலிலிருந்தே ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் மற்ற பையன்களைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். இந்த இரண்டாவது பொய்யை நான் சொல்லவில்லை, மறுக்காமல் விட்டேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதுவும் உங்களுக்கு வரும்.

ஞாயிறு மதியம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மைதானத்தின் நடுவில் சேறு. சரவணன் மேல் வரிசையில் உட்கார்ந்து போனை நீட்டிப் பிடித்திருந்தார். நான் வழக்கமாக ஆட்டத்தைப் பார்ப்பவன். அன்று பார்த்தது ஒரு ஜோடிக் காலை மட்டுமே. எவனாவது அவன் பக்கம் சறுக்கி வந்தால் என் கால் தானாக மடங்கியது. முதல் பாதியில் மூன்று முறை விழுந்தான், மூன்று முறையும் எழுந்தான். இடைவேளையில் அவனிடம் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஸயா, நீங்க உக்காருங்க" என்றான்.

எழுபதாவது நிமிஷம். பந்தோடு பறந்து வந்தான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. யாரும் உதைக்கவில்லை. திடீரென்று துப்பாக்கியால் சுட்டமாதிரி நின்றான், இடது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அதே இடம். நான் எழுதிக்கொடுத்த அதே இடம். பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது என் மேலேயே எனக்கு அப்படி ஒரு பயம் வந்தது, எழுதியது பலித்துவிட்டதோ என்று. இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் பயத்தில் இறுகிக் கிடந்த தசை, சேற்றில் முழு வேகத்தில் ஓடினால் வேறென்ன செய்யும்? ஆனால் அப்போது அப்படித்தான் தோன்றியது.

மண்டியிட்டேன். அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஸயா, ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. அவர் எடுத்துக்கிட்டிருக்கார்."

"காலை நீட்டு."

"இருபது நிமிஷம்தான். நின்னுக்கிட்டே ஆடிடறேன். ஸயா, இதுக்கு மட்டும். கெஞ்சிக் கேக்கறேன்."

நடுவர் வந்து தலைக்கு மேலே நின்று என்ன என்ன என்று கத்தினார். கோச் கோட்டில் நின்று பெருவிரலை உயர்த்தி, சரியா என்று சைகையில் கேட்டார். மேலே அந்தப் போன். இந்த முறை நான் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கடியில் தசை முடிச்சுப் போட்டுத் துடித்தது, அழுத்தியதும் அவன் பல்லைக் கடித்தான். கிழியவில்லை. ஆரம்ப இழுப்பு, மூன்று வாரத்தில் சரியாகிவிடும். இன்னும் ஒரு ஓட்டம் ஓடினால் மூன்று மாதமோ, ஆறு மாதமோ. ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் அவன் நிச்சயம் ஓடுவான். பந்து வந்தால் ஓடாமல் நிற்கத் தெரியாத பையன் அவன்.

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றிக் காட்டினேன். ஆளை மாற்றுங்கள்.

ஜோ மின் என் சட்டையை விட்டுவிட்டான். என்னைத் தாண்டி மேலே அந்த வரிசையைப் பார்த்தான். போன் கீழே இறங்கிவிட்டது. பிறகு அவன் அழுதான், சத்தமாக, சின்னப் பிள்ளை மாதிரி. கூட்டம் அது கோப்பைக்காக என்று நினைத்துக் கைதட்டியது. நாங்கள் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் சரவணன் கீழே இறங்கி வந்தார். நான் அவருக்கு எதிரே போய் நின்றேன்.

"சின்ன இழுப்புத்தான். மூன்று வாரம். நான் உறுதி சொல்கிறேன். ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, வெள்ளிக்கிழமை ஒரு வாரம்னு எழுதினீங்க. சனிக்கிழமை ஒண்ணுமில்லன்னீங்க. இன்னைக்கு மூணு வாரங்கறீங்க. எந்த நாள் பேச்சை நான் கிளப்புக்கு அனுப்பறது?"

"இன்றைக்குச் சொன்னதுதான் உண்மை."

"இருக்கலாம். ஆனா அவங்க என்ன நினைப்பாங்க? முதல்லேருந்தே தொடை போயிருந்துச்சு, மறைச்சு இறக்கினாங்க, எழுபது நிமிஷத்துல வெளிப்பட்டிருச்சுன்னுதானே? நல்ல பையனுக்கு ஒரு மாசம் காத்திருப்பாங்க லா. சந்தேகத்துக்குக் காத்திருக்க மாட்டாங்க."

செவ்வாய்க்கிழமை விமானத்தில் அவர் தனியாகவே ஏறிப் போனார். பிற்பாடு அந்த இடத்துக்கு வேறு ஊர்ப் பையன் போனான் என்று கேள்விப்பட்டேன்.

புதன்கிழமை கோச்சிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மித்தாவையும் சேர்த்து. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அவன் என்னிடமே வந்து ஆட மாட்டேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் அவனோடு பேசியிருக்க மாட்டேன். மூன்றாவது நாள் பேசியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். இரண்டு நாள் மௌனம். அதற்குப் பயந்துதான் நாங்கள் இருவரும் இத்தனையும் செய்தோம். அதன் பிறகு என்னோடும் அவர் பல நாள் பேசவில்லை, அது எனக்கு வேண்டியதுதான்.

ஜோ மின்னைத் தினமும் வரவழைத்துப் பார்த்தேன். வருவான், படுப்பான், போவான். ஸயா என்று மட்டும் கூப்பிடவில்லை. மூன்று வாரமும் நாலு நாளும் ஆனபோது தொடை முழுசாகத் தேறிவிட்டது.

அடுத்த வாரம் அவனே பேசினான். சரவணனிடமிருந்து செய்தி வந்திருந்தது. முதல் கிளப் இல்லை, இரண்டாம் பிரிவில் ஒரு சின்ன ஊர்க் கிளப். வந்து ஓடிக் காட்டலாம், ஆனால் தொடை குணமாகிவிட்டது என்று எழுத்தில் வேண்டும்.

"எழுதிக் குடுங்க ஸயா" என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த ஸயா. "இது நெசந்தானே."

நிஜம்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு நிச்சயமாக வேறெந்தத் தொடையைப் பற்றியும் எழுதியிருக்க மாட்டேன். தாளை எடுத்தேன், இரண்டு வரி எழுதினேன். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் அந்தப் போன் படம் நினைவுக்கு வந்தது. அதே கையெழுத்து. தாளைக் கிழித்துப் போட்டேன்.

"என்ன ஸயா?" அவன் பயந்துவிட்டான்.

"வா, போகலாம்" என்றேன்.

கியாக்டடாவில் மா நீலா என்று ஒரு பெண், படித்து முடித்து இரண்டே வருஷம் ஆனவர், புதிதாக ஒரு சிகிச்சை நிலையம் வைத்திருந்தார். அவரிடம் கூட்டிப் போனேன். "ஸயா, உங்கள் கைக்கு மேலே நான் என்ன பார்க்கப்போகிறேன்? நீங்களே எழுதக் கூடாதா?" என்றார். ஜோ மின் பக்கத்தில் இருக்கும்போதே நடந்ததைச் சொன்னேன். நம் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் நான் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. காது சுட்டது. தொடை தேறிவிட்டது என்ற என் பேச்சை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரம் அவனைப் படுக்க வைத்தார், குதிக்க வைத்தார், சந்தில் ஓடவிட்டார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பரீட்சை எழுதும் பிள்ளையைப் பெற்றவன் மாதிரி.

முடித்து வந்து தாளை என்னிடம் காட்டினார். "இடது பின்தொடை முழுமையாகக் குணமடைந்துள்ளது. விளையாடத் தடையில்லை." நான் கிழித்துப் போட்ட தாளிலும் இதே இரண்டு வரிதான் இருந்தது. அதை ஜோ மின் கையில் கொடுத்து மலேசியாவுக்கு அனுப்பினோம். கிளப் அதை நம்பியது, கீழே என் பெயர் இல்லாததால்.